எஸ்தருக்கு நான் வெக்கச் சொன்னது

மச்சான், நீங்க குடுத்து வுட்ட எலுமிச்ச ஊறுகா வந்து சேந்துச்சி, எண்ண கொஞ்சம்கூட ஒழுகல. உங்க தங்கச்சி எஸ்தரோட புருஷன் கமல்தான் பேசறேன். இந்த கேசட்ட அத்தை வீட்ல இல்லாதப்ப போட்டு கேளுங்க.

சென்னை டாக்டர் மேல நீங்க போலீஸ் ஸ்டேஷன்ல எழுதி குடுத்துட்டதா எஸ்தர் பூத்துலேர்ந்து போன் பண்ணி அழுதா. அத வாபஸ் வாங்கிடுங்க. வெசாரிச்சா என் கையெழுத்துதான் வெளிய வரும்.

கல்யாணம் ஆன புதுசுல அப்பெண்டிக்ஸ்னு உங்ககிட்ட சொன்னோமே, அது மார்ல சிலிகான் பை வெக்கிற ஆபரேஷன். நான்தான் பண்ணிக்க சொன்னேன். அடிச்சி ஒண்ணும் சொல்லல. இங்க சார்ஜா ரூம்ல ஒருத்தன் அவ போட்டோவ பாத்து, "இன்னாபா, பலகைய கட்டிக்கினியா"ன்னு சிரிச்சான். எல்லாரும் சிரிச்சானுங்க. நான் வாய மூடிக்கினு இருக்கணுமா?

அப்புறம் இடது பக்கம் கல்லு மாதிரி ஆயி மேல ஏறிக்கிச்சி. கடையில பட்டுச்சேலைய உதறி விரிக்க கை தூக்க முடியாமதான் அவ வேலைய வுட்டா. நீங்க சோம்பேறின்னு திட்டுனீங்க. அப்பவும் என்ன காட்டிக் குடுக்கல.

லீவுல வந்து நான்தான் அந்த சென்னை டாக்டர்கிட்ட இட்டுக்கினு போனேன். அவள உள்ள படுக்க வெச்சிட்டு டாக்டர் என்ன மட்டும் வெளிய கூப்ட்டாரு. எல்லா ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தானே. பை கிழிஞ்சி கசியுது, அத சுத்தி ஒடம்பு கெட்டியா ஒரு தோலு கட்டிக்கிச்சி, எல்லாத்தையும் எடுத்து சுத்தம் பண்ணணும்னாரு. புண்ணு ஆறட்டும், புதுசு வேணுமான்னு அப்புறம் அவங்களையே கேக்கலாம், இப்பவே வெச்சா சீழ் புடிக்கலாம்னாரு.

நான் சொன்னேன், "புதுசு இல்லன்னா செத்துடுவேன்னு சொல்றா சார். இப்பவே வெச்சிடுங்க. அவகிட்ட கேக்காதீங்க, அழுவா." டாக்டர் பேப்பர எடுத்து நீட்டுனாரு. கையெழுத்து போட்டேன்.

உள்ள போனா எஸ்தர் என் கைய புடிச்சிக்கினா. "ஏங்க, எடுத்துடுவாங்கல்ல? திரும்ப எதுவும் வெக்க மாட்டாங்களே?"

"எடுக்கத்தாம்மா போறாங்க. தைரியமா இரு."

மயக்கம் தெளிஞ்சதும் கட்டு மேல கைய வெச்சி பாத்தா. கைய எடுக்கவே இல்ல. டாக்டர் ஏமாத்திட்டாருன்னு அவளாத்தான் நெனச்சிக்கினா. நானும் கூட சேந்து அவர திட்டுனேன்.

இப்ப சீழ் புடிச்சி தையல் வுட்டுப்போச்சி. புதுசா பாக்கற டாக்டரம்மா, உள்ள என்னா இருக்குது, யாரு வெக்க சொன்னதுன்னு கேக்குதாம். கமல்னு சொல்லிடுங்க. எனக்கு ஒண்ணும் பயம் இல்ல.

ஆனா பொண்டாட்டிய நோவோட வுட்டுட்டு போனவன்னு, என்ன அறுத்து வுடணும்னு நீங்க முசரவாக்கம் ஊரு முழுக்க பேசறீங்களாமே, அதான் வயிறு எரியுது. நான் குடிக்கறேனா? இன்னொருத்தி பின்னாடி போனேனா? பொண்டாட்டி நல்லா இருக்கணும்னு நெனச்சவன் மச்சான் நானு. கோவம் எனக்குதான் வரணும்.

டிக்கெட் போட்டுட்டேன். நான் வர்ற வரைக்கும் ஆபரேஷனுக்கு யாரும் கையெழுத்து போடக் கூடாது. வெறுமனே எடுத்து வுட்டுட வேணாம்னு டாக்டரம்மாகிட்ட தனியா சொல்லி வெய்ங்க. எஸ்தருக்குத் தெரிய வேணாம். இந்த தடவ சின்ன சைஸே போதும். நானும்தான எறங்கி வர்றேன்.