நிற்காத சில்வண்டு

விடியப்புறம் மூன்று மணி. கண்டி வீதியிலிருந்து தம்பலகாமத்து வயலுக்கு இறங்கும் கிறவல் மண் பாதை. ஒரு சைக்கிள்கூடப் போகாத நேரம்...

இராகுலன் இப்படித்தான் தொடங்கினான். உட்துறைமுகத்துக்குப் பக்கத்தில் எங்கள் மாலைத் தமிழ் வகுப்பு. பறவை, பூச்சிகளின் சத்தங்களை வைத்து, நடந்துகொண்டிருந்ததாக வசனங்கள் எழுதச் சொல்லியிருந்தார்கள். "சில்வண்டு இரைந்துகொண்டிருந்தது" என்று நான் எழுதி முடிக்கவும் கரண்ட் போனது. அந்த வசனத்தைப் பார்த்துத்தான் அவனுக்குத் தன் அத்தானின் கதை ஞாபகம் வந்தது. கேட்டபடியே எழுதுகிறேன். ஏதும் விட்டுவிட்டேனோ தெரியவில்லை.

அத்தான் தனஞ்சயனும் அவருடைய கூட்டாளி இராசதுரையும் யானைக் காவலுக்கு மரத்துப் பரணில் இருந்தார்கள். காவல்காரருக்கு ஒரு கணக்கு உண்டு. யானை கிட்ட வந்தால் சில்வண்டு அடங்கிவிடும், ஆட்காட்டிக் குருவி கத்தும். அன்று சில்வண்டு இரைந்துகொண்டிருந்தது. தூரத்தில் ஆந்தை அலறிக்கொண்டிருந்தது. ஆட்காட்டி கத்தவில்லை. கீழே மூட்டிய நெருப்பு அணைந்துவிட்டது.

"இறங்கி மூட்டட்டா மச்சான்?"

"ஓம், இறங்கு. வண்டு கத்துதுதானே. பயமெண்டால் சொல்லு, கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறன்."

"உன்னைக் கண்டால் யானை சிரிக்கும்."

இராசதுரை இறங்கினான். காய்ந்த சருகில் சரக்... சரக்...

அத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகுதான் உறைத்தது. மனிதன் நடந்தாலும் சில்வண்டு அடங்க வேண்டும். ஆட்காட்டி கத்த வேண்டும். அடங்கவுமில்லை, கத்தவுமில்லை. இரைச்சல் ஒரே மட்டத்தில்... ஒரே இடத்திலிருந்து. பரணுக்கு நேர் கீழேயிருந்து.

"துரை, ஏறு. ஏறடா."

பச்சை இரத்த வாடை. இராசதுரையை ஏதோ தூக்கி மரத்தில் அடித்தது. பரண் ஆடியது. மறுபடி அடித்தது. எலும்பு நொறுங்குவது மேலே கேட்டது. அவன் கத்துவது நின்ற பிறகும் அடித்தது. சில்வண்டு இரைந்துகொண்டேயிருந்தது.

விடிந்ததும் பார்த்தார். மரத்தில், ஆள் உயரத்துக்கு மேலே, தலைமயிர் ஒட்டியிருந்தது. கீழே மண்ணில் இராசதுரையின் காலடி மட்டும். யானைத் தடம் இல்லை.

"சும்மா வெருட்டாதேங்கோ," என்று எங்களோடு படிக்கும் அஸ்மியா, மதிலடியில் நின்ற தன் ஸ்கூட்டியை எடுக்க எழுந்தாள். வாசலிலிருந்து மதில் வரை புல். அதற்குள் சில்வண்டு இரைந்துகொண்டிருந்தது.

அவள் புல்லில் இறங்கி நடந்தாள். நாங்கள் மூச்சை அடக்கிக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அது நிற்கவில்லை.