எதிர்மரை

பஸ்ஸில் போய்வரத் தொடங்கியதிலிருந்து நீங்கள் கொஞ்சம் இளைத்திருக்கிறீர்கள், ஃபாதர். உங்களுக்கு அது நன்றாகத்தான் இருக்கிறது. ஃபாதர் கிளைவுக்குப் பத்து வயது குறைந்துவிட்டது என்று என் மனைவி தெரேசாகூடச் சொன்னாள். ஒரு மாதமாக உங்கள் கார் என் கராஜில் கிடப்பதால் உண்டான நன்மைகளில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

செய்த பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தவன் சுற்றி வளைக்கக் கூடாது என்று தெரியும். ஆனால் முழங்காலில் நிற்பது எனக்குப் புதிதில்லை. முப்பது வருடமாகக் கார்களுக்குப் பக்கத்தில் அப்படித்தான் நின்றிருக்கிறேன். அதனால் நிதானமாகவே சொல்கிறேன். எனக்குப் பின்னால் வரிசையில் யாரும் இல்லை, பார்த்துக்கொண்டுதான் வந்தேன்.

காரைக் கொண்டுவந்த அன்று, பெல்ட் கத்துகிறது என்றீர்கள். பெல்ட்டைத் தளரவிடாமல் பிடித்திருக்கும் சின்னக் கப்பி தேய்ந்திருந்தது. அதைக் கழற்றிப் புதியது போட வேண்டும். ஒரே ஒரு போல்ட். தேத்தண்ணி ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன், உட்காருங்கள் என்றேன்.

போல்ட் அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டேன். சுத்தியலால் தலையில் தட்டினேன். நெருப்புக் காட்டினேன். கடைசியில் ஸ்பேனரின் வாலில் நாலடிக் குழாயைச் சொருகித் தொங்கினேன். ஹட்டன் வீதியில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மழை நாளில் கினிகத்தேனையில் வேறு என்ன பொழுதுபோக்கு இருக்கிறது? மூன்று நாள் இழுத்தேன். நீங்களும் ஒருநாள் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழாயின் நுனியைப் பிடித்தீர்கள். நல்ல பலம் உங்களுக்கு.

மூன்றாம் நாள் பின்னேரம் மூக்கன் வந்தான். வீதிக்கு அந்தப் பக்கம் தகரக் கொட்டிலில் வண்டிகள் பார்க்கிறானே, அவன்தான். இரண்டு நிமிடம் குனிந்து பார்த்தான். பிறகு எட்டுப் பேர் முன்னிலையில், மெதுவாகத்தான், மரியாதையாகத்தான் சொன்னான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இது எதிர்மரை மாதிரி இருக்குங்க. வலது பக்கமாத் திருப்பிப் பாருங்களேன்."

உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. உங்கள் அப்பா நாவலப்பிட்டி ரயில்வேயில் ஃபிட்டராக இருந்தவர். இருந்தாலும் பாவத்தை முழுதாகச் சொல்ல வேண்டும் அல்லவா? ஊரில் உள்ள போல்ட் எல்லாம் இடது பக்கம் திருப்பினால் கழலும். எங்கோ ஒன்றிரண்டுதான் வலது பக்கம் திருப்பினால் கழலும். அதுதான் எதிர்மரை. அதை இடது பக்கம் இழுத்தால் இன்னும் இறுகும். நாலடிக் குழாய் போட்டு மூன்று நாள் இழுத்தால் மிக நன்றாகவே இறுகும்.

நான் சிரித்தேன். "மூக்கா, ஒனக்குத்தான் மரை கழண்டிருச்சு. போயி வேலையப் பாரு" என்றேன். எட்டுப் பேரும் சிரித்தார்கள். அவனும் கொஞ்சம் சிரித்துவிட்டுப் போனான். நல்ல சுபாவம் அவனுக்கு.

எல்லோரும் கலைந்த பிறகு கதவைச் சாத்திவிட்டு வலது பக்கம் திருப்பினேன். டிக் என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். மீதியை விரலாலேயே சுழற்றி எடுத்தேன். கொஞ்ச நேரம் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு திரும்பவும் போட்டு, குழாயைச் சொருகி, முன்பைவிட நன்றாக இறுக்கினேன்.

ஏன் என்று நீங்கள் கேட்கலாம். யோசித்துப் பாருங்கள், ஃபாதர். நான் பார்த்த பிரேக்கை நம்பி எத்தனை லொறி, எத்தனை வேன் தினமும் மலைப்பாதையில் கித்துல்கல பக்கம் இறங்குகின்றன? சூசைரட்ணத்துக்கு இடது வலது தெரியாது என்று ஊர் பேச ஆரம்பித்தால் அந்த டிரைவர்மார் பயந்து பயந்து ஓட்டுவார்கள். பயந்து ஓட்டினால்தான் விபத்து வரும். அந்த வகையில் பார்த்தால் நான் செய்தது பொதுச் சேவை.

மறுநாள் நீங்கள் வந்து, "என்ன சூசை, ஏன் இப்பிடி இறுகிப் போச்சு?" என்று கேட்டீர்கள். குருவானவர் கேட்கும்போது பதில் சொல்லாமல் நிற்பது மரியாதையில்லை. போன ஓகஸ்ட்டில் நான் மடுத் திருவிழாவுக்குப் போயிருந்த வாரம் நீங்கள் காரை மூக்கனிடம் விட்டது ஞாபகம் வந்தது. "அன்னைக்கு அவன் கண்ணு மண்ணு தெரியாம இறுக்கிட்டான் ஃபாதர்" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். மீதியை நீங்கள் சொன்னீர்கள். அரைகுறை வேலை அடுத்தவன் உயிருக்கு உலை வைக்கும் என்று ஞாயிறு பிரசங்கத்தில் அருமையாகப் பேசினீர்கள். பெயர் சொல்லவில்லை. ஆனால் பூசை முடிந்து போனவர்கள் எல்லோரும் மூக்கனுடைய கொட்டிலைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

அதற்குப் பிறகு அவனிடம் ஒரு ஆட்டோகூடப் போகவில்லை. கொட்டிலை மூடிவிட்டுக் கொழும்பில் சாப்பாட்டுக் கடையொன்றில் கோப்பை கழுவப் போகிறானாம். அவன் பெண்சாதி ராக்காயி தெரேசாவிடம் வந்து அழுதிருக்கிறாள். எனக்கும் மனம் கஷ்டமாகத்தான் இருந்தது. அன்று ஒரு ரொட்டி குறைத்துத்தான் சாப்பிட்டேன்.

புதன்கிழமை அவன் உங்கள் வாசலில் வந்து நின்றபோது நானும் பக்கத்தில் இருந்தேன். "ஒரே ஒரு தடவ நா திருப்பிப் பாக்குறேன் ஃபாதர். கழலாட்டி ஊரவிட்டே போயிர்றேன்" என்றான். நீங்கள் இரக்கமுள்ளவர். நாளை ஞாயிறு பூசை முடிந்ததும் காரைக் கோயில் முற்றத்துக்குத் தள்ளிவரச் சொன்னீர்கள். அது கழன்றால் எல்லோர் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்புக் கேட்பதாகவும் சொன்னீர்கள். அதுதான் எனக்குத் தோதுப்படவில்லை.

ஏனென்றால் அவன் வலது பக்கம்தான் திருப்புவான். ஆகவே இன்று மதியம் கரண்ட் வந்ததும் போல்ட்டின் தலைக்குப் பின்னால் இரண்டு சொட்டு வெல்டிங் வைத்தேன். அரத்தால் ராவி, கிரீஸும் புழுதியும் பூசினேன். நாளை அவன் எந்தப் பக்கம் திருப்பினாலும் அது வராது. முறியலாம். முறிந்தால் அந்தப் பழியும் அவன் தலையில்தான் விழும்.

ஒரே ஒரு சிக்கல். நீங்கள் ஃபிட்டரின் மகன். எவ்வளவு பூசினாலும், குனிந்து பார்த்தால் வெல்டிங் உங்கள் கண்ணுக்குத் தப்பாது. கண்டால் அந்த இடத்திலேயே சொல்லிவிடுவீர்கள். தவக்காலத்தில் நீங்கள் எங்களுக்கு எடுத்த வகுப்பு அப்போதுதான் கைகொடுத்தது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் வெளியே சொல்லக் கூடாது, கண் ஜாடைகூடக் காட்டக் கூடாது, அதை வைத்து எந்தக் காரியமும் செய்யக் கூடாது என்றீர்கள். "கொலையா இருந்தாலுமாங்க ஃபாதர்?" என்று தெரேசா கேட்டாள். "கொலையா இருந்தாலும்தாம்மா" என்றீர்கள்.

கொலைக்கே அப்படியென்றால் இரண்டு சொட்டு வெல்டிங் எம்மாத்திரம்? அதனால்தான் மழையையும் பாராமல் இன்றைக்கே வந்தேன். நாளைக்கு நீங்களாகக் கண்டுபிடித்திருந்தால் அது உங்கள் அறிவு. இன்று நான் சொல்லிவிட்டதால் அது என் பாவம், உங்களிடம் பத்திரமாக இருக்கும். நாளை நீங்கள் மூக்கனைத் தடுக்க முடியாது. காரை வேறு இடத்துக்கு அனுப்பவும் முடியாது. பேசாமல் நின்று பார்க்க வேண்டியதுதான். குடை எடுத்துக்கொள்ளுங்கள், நாளைக்கும் மழை இருக்கும் என்கிறார்கள்.

மூக்கன் மட்டும் நம் கோயில் ஆளாக இருந்திருந்தால், அவனும் இப்படி வந்து மனதில் இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவனுக்கு அந்த வசதியும் இல்லை, பாவம்.

என்ன கேட்டீர்கள், ஃபாதர்? கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், தகரத்தில் மழை விழுகிறது. மனஸ்தாபமா? செய்ததை நினைத்து மனம் வருந்துகிறேனா என்றா?

இருக்கிறது, ஃபாதர். நிறைய இருக்கிறது. ஒரு மாதமாக எனக்கு நித்திரையே இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் அதே நினைப்பு. பூசையில் முழங்காலில் நிற்கும்போதும் அதே நினைப்பு. நேற்று ஸ்பேனரைக் கையில் எடுத்ததும் கண்ணீரே வந்துவிட்டது. முப்பது வருடத் தொழிலில் ஒரு எதிர்மரையைக் கண்டுகொள்ளாமல் மூன்று நாள் இடது பக்கமே இழுத்தேனே, அதை நினைத்தால் மனம் ஆறவே மாட்டேன் என்கிறது.