கதவில் இருந்த அட்டை

பசை வாங்குவதில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. மலிவுப் பசையில் ஒட்டியது எதுவும் நிலைக்காது. கொஞ்சம் சூடான காற்றுப் பட்டாலே கையோடு வந்துவிடும். என் மாமனார் மலிவுப் பசைதான் வாங்குவார். முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் சார். அதனால்தான் பசையிலிருந்து தொடங்குகிறேன்.

படக்குறிப்பேடு என்றால் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். டைரிதான், ஆனால் எழுதுவதைவிட ஒட்டுவது அதிகம். பழைய டிக்கெட், துணித்துண்டு, காய்ந்த இலை, மேலே ஒரு இழுப்பு வர்ணம். எங்கள் குடியிருப்பின் மேல்மாடியில் சனிக்கிழமைதோறும் வகுப்பு. டீச்சர் பாதி வாக்கியம் பேசிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். மீதியை நாங்கள் உணர்ந்துகொள்ள வேண்டும். கட்டணத்தை மட்டும் கண்ணைத் திறந்து முழு வாக்கியமாகச் சொல்வார்.

ஆரம்பத்தில் கடையில் விற்கும் பட்டாம்பூச்சிப் படங்களை ஒட்டினேன். டீச்சர் பார்த்துவிட்டு நீளமாக மூச்சு விட்டார்.

"அழகா இருக்கு. ஆனா இதுல யாரும் வாழலையே."

பக்கத்தில் உட்காரும் பல் டாக்டர் அக்கா, தன் விவாகரத்து நோட்டீஸைக் கிழித்து ஒட்டி அதன்மேல் காப்பியைச் சிந்தியிருந்தாள். எல்லோரும் கண் கலங்கினார்கள். விவாகரத்துக்கு நான் எங்கே போவேன்? என் வீட்டுக்காரர் தங்கமான மனிதர். "வீட்டுல எண்ணெயவிடப் பசைதான் அதிகமா இருக்கு. நாளைக்கு அதுலயே தாளிச்சிடு" என்பார். அதற்குமேல் கடுமையாக ஒரு வார்த்தை பேசத் தெரியாது. அதை வைத்து என்ன பக்கம் செய்வது?

அப்போதுதான் மாமாவின் அட்டைகள் கண்ணில் பட்டன.

மாமா கடைப் பலகைகளுக்கு எழுத்து எழுதியவர். அத்தை போன பிறகு மறதி வந்தது. "எது எங்க இருக்குன்னு எழுதி ஒட்டிக்குங்க பெரியவரே" என்று டாக்டர் சொன்னதும், அட்டை வெட்டி, தூரிகையால் எழுதி வீடு முழுக்க ஒட்டிவிட்டார். 'சர்க்கரை.' 'குளிக்கும் அறை.' அடுப்புக்கு மேலே, 'அணைத்தாயா? மறுபடி பார்.' அவற்றைப் படித்துப் படித்துத் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டார். அதை நான் மறுக்கவில்லை.

முதலில் எடுத்தது 'சர்க்கரை'யை. கண்ணாடிப் புட்டியில் இருக்கும் சர்க்கரைக்கு அறிமுகம் எதற்கு? ஹேர் டிரையரைக் காட்டினேன். ஓரம் கிழியாமல் வந்தது. சனிக்கிழமை டீச்சர் அதை விரலால் தடவி, "இங்க யாரோ இருக்காங்க" என்றார். பல் டாக்டர் அக்கா கேட்காமலேயே என் பக்கத்தைப் போட்டோ எடுத்தாள்.

வீட்டுக்கு வந்தால் மாமா அலமாரி முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இங்க ஒண்ணு எழுதி வச்சேனேம்மா?"

"இல்லையே மாமா. நீங்க எழுதவே இல்லையே."

"எழுதலையா? சரி, சரி. எழுதிடறேன்."

எழுதினார். நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். முதல் அட்டையில் எழுத்தெல்லாம் அணிவகுப்பில் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்றன, உயிர் இல்லை. இரண்டாவது லேசாக நடுங்கியது. அதையும் எடுத்தேன். மூன்றாவதில் கடைசி எழுத்து வரியைவிட்டு வழுக்கிக் கீழே விழுந்திருந்தது. ஆயுள் முழுக்கப் பாடுபட்டும் அந்தக் கைக்கு வராத அழகு, எடுக்க எடுக்க வந்தது. கீரை மாதிரி, கிள்ளினால்தான் துளிர்க்கும்.

நடுவில் ஒருநாள் அடுப்பு எரிந்துகொண்டே இருந்து பாத்திரம் கருகியது. அடியில் பிடித்த கரியைச் சுரண்டி வைத்துக்கொண்டேன். நிழல் போடக் கடைக் கரியைவிட நன்றாக இருந்தது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். "அப்பாவுக்கு முத்திடுச்சு" என்று என் வீட்டுக்காரர் அழுதார். "எழுதாததை எழுதினேன்கறாரே, பாவம்" என்று நான்தான் தேற்றினேன்.

கண்காட்சிக்கு டீச்சர் நடுச்சுவரை எனக்குக் கொடுத்தார். இரட்டைப் பக்கம். வீட்டில் நான் தொடாத அட்டைகள் இரண்டுதான் மிச்சம். அத்தையின் படத்துக்குக் கீழே, 'இவள் இறந்துவிட்டாள். தேடாதே.' வாசல் கதவின் உள்பக்கம், 'மகன் சாயங்காலம் வருவான். வெளியே போகாதே.' இரண்டும் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்கிற மாதிரி இல்லையா?

படத்தின் அடியில் இருந்ததை முதலில் எடுத்தேன். அதை மட்டும் அவர் திரும்ப எழுதவில்லை. என்ன எழுதுவதென்று அவருக்குத் தெரிந்தால்தானே.

"உங்க அத்தை எங்கம்மா? ரொம்ப நேரமாக் காணோம்."

பெரியவர் மனசை நோகடிக்க எனக்கு வாய் வரவில்லை. "கடைக்குப் போயிருக்காங்க மாமா. இப்ப வந்துடுவாங்க" என்றேன். தினமும் கேட்டார், தினமும் சொன்னேன். ஒருநாள்கூட எரிந்து விழுந்ததில்லை. வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள்.

முந்தாநாள் மத்தியானம் கதவில் இருந்ததை எடுத்தேன். மழை இருட்டிக்கொண்டு வந்தது. என் மேசைக்குப் போய் ஒட்டிக்கொண்டிருந்தபோது வாசல் கதவு திறந்தது.

"அவ குடை எடுத்துட்டுப் போகலையேம்மா" என்று மாமாவின் குரல் கேட்டது.

"ம்" என்றேன். ஈரப் பசையை அழுத்திப் பிடித்திருந்தேன், சார். எழுந்தால் அட்டை நகர்ந்துவிடும்.

போலீசுக்குக் கொடுக்க நல்ல போட்டோ தேடி என் மேசையைத் திறந்த வீட்டுக்காரர், அத்தனை அட்டையையும் பார்த்துவிட்டார். இவ்வளவு நாளில் என் பக்கங்களை அவர் முழுசாகப் பார்த்தது அன்றுதான். உங்களிடம் கொடுத்தாரே தவிர, ஒரு கருத்தும் சொல்லவில்லை.

நீங்கள் எழுதியிருப்பது சரி; கையெழுத்துப் போடுகிறேன். அட்டைகளை உரித்தது நான். எழுதவே இல்லை என்று பொய் சொன்னது நான். கதவுச் சத்தம் கேட்டும் எழாதது நான். ஆனால் மாமாவை நான் தொலைத்துவிட்டதாக ஒரு வரி இருக்கிறதே, அதை அடித்துவிடுங்கள். அவர் எழுதிய பலகைகளிலெல்லாம் கடைக்காரர்கள் பெயர்தான் இருந்தது. என் பக்கத்தில்தான் முதல்முறையாக மூலையில் அவர் பெயர். தொலைக்கிறவள் இப்படியா செய்வாள்?

பையைச் சோதிக்க வேண்டாம், நானே எடுத்து வைக்கிறேன். அவர் படத்தோடு 'காணவில்லை' என்று கடைத்தெருவில் ஒட்டியிருந்தீர்களே, அந்த நோட்டீஸ்கள். மழையில் மை கரைந்து, முகம் அவ்வளவு அழகாக வந்திருந்தது. ஒன்று போதுமென்றுதான் நினைத்தேன். தெருக்கோடிவரை எல்லாமே சுலபமாக வந்துவிட்டன. உங்கள் ஆட்களும் மலிவுப் பசைதான் வாங்குகிறார்கள்.