ஆறாவது டப்பா

– லைட்ட ஆட்டாத கலை. போட்டோ கலங்கிப் போவுது.

– நானா ஆட்டறேன்? எவ்ளோ நேரந்தான் இப்டித் தூக்கிப் புடிச்சினே நிக்கிறதுங்க? பட்டப்பகல்ல ஜன்னலுக்குச் சாக்கு கட்டி, வூட்ட இருட்டாக்கினு, தேளுக்குப் போட்டோ புடிக்கிற புருசன் இந்த ஜவ்வாது மலையிலயே எனக்கு ஒருத்திக்குத்தான் வாச்சிருக்கு. சக்கரவர்த்தின்னு பேரு வச்சதுக்கு, நல்லாத்தான் தேளுங்களக் கட்டி ஆள்றீங்க.

– எண்ணிக் காட்டச் சொன்னது நீதான?

– பின்ன சொல்ல மாட்டனா? காலையில ஒரு டப்பா மூடி தொறந்து கெடந்துச்சி. ஆறும் உள்ள கீதான்னு என் கண்ணால பாக்கணும். ஒண்ணு கொறஞ்சாலும் மூணு மணி ஜீப்புல புள்ளயத் தூக்கினு படவேட்டுக்கு, எங்கம்மா வூட்டுக்குப் போய்டுவேன். அப்பறம் கூப்ட வராதீங்க.

– நேத்து போட்டோ எடுத்துட்டு மூடிய சரியா அமுக்கல, அவ்ளோதான். கல்யாணமான புதுசுலயே சொன்னன் இல்ல? இந்த நீல லைட்ட அடிச்சா எந்தத் தேளும் மின்னிடும். எங்க பூந்தாலும் தப்பிக்க முடியாது.

– அந்த ஒரு வார்த்தைய நம்பித்தான், சாமி சத்தியமா, இங்க குடித்தனம் பண்ணினு கீறேன்.

– அப்ப எண்ணிக்கோ. ஒண்ணு. ரெண்டு. மூணு, கருந்தேளு, எப்டி ஒக்காந்துனு கீறான் பாரு. நாலு. அஞ்சு.

– ஆறு?

– ஆறு, நம்ம மொளகா. மயில்கழுத்துக் கலர்ல மின்றான் பாரு. போதுமா?

– இவன்தான அந்தச் செந்தேளு? பெரியவங்களே தாங்க மாட்டாங்கன்னு சொன்னீங்களே. பச்சப் புள்ளன்னா, மலை எறங்கி ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள…

– ஏன் வாய வைக்கிற? உள்ளதான் கீறான்.

– அசையவே இல்லிங்களே.

– நேத்து சாயங்காலமும் இப்டிதான் நின்னான். போட்டோக்கு இதான் நல்லது. இவன நெட்டுல போட்டா ஊரே பாக்கும்.

– ஊதிப் பாருங்க.

– சும்மா இரு.

– எனக்கு பயமா கீதுங்க. இடுக்கியால தொட்டாவது பாருங்க.

– இரு, போட்டோவப் பெருசாக்கிப் பாக்கறேன். இது நேத்து எடுத்தது. இது இப்ப எடுத்தது. ஒரு காலு கூட நவுரல…

– இன்னா? இன்னாங்க, வாயத் தொறங்க.

– தலைக்கி முன்னாடி கிழிஞ்சி கீது. உள்ள காலி.

– செத்துப் போச்சா?

– இது தோலு, கலை. சட்டய உரிச்சிப் போட்டுட்டு, தொறந்த மூடி வழியா அவன் போய்ட்டான். நேத்துலருந்து நான் வெறுந்தோலத்தான் போட்டோ புடிச்சினு கீறேன்.

– வெறுந்தோலு எப்டிங்க மின்னும்?

– மின்னும்.

– நவுருங்க. லைட்டு என் கையிலதான் கீது, நானே தேடறேன். கட்டிலுக்கு அடியில இல்ல. சாம மூட்ட சந்துல இல்ல. பரண் மேல இல்ல. கொடியில போட்ட துணியில இல்ல. எங்கயுமே மின்னலிங்க. வெளிய ஓடிட்டிருக்கும் இல்ல? காட்டுல பொறந்தது காட்டுக்கே போயிருக்கும். சொல்லுங்களேன்.

– கலை. புள்ள எங்க?

– நடு வூட்ல, ஏணையில தூங்கினு கெடந்தான். எழுந்துட்டான் போல கீது. சிரிக்கிறது கேக்கலியா?

– யாரு கூட சிரிக்கிறான்?

– யாரு கீறாங்க, தனியாத்தான். எதையோ கையில புடிச்சினு வெளாடறான். ஏங்க மொகம் இப்டி வேர்க்குது? பயப்படாதீங்க. ஏணத் துணிய விரிச்சி, மடிப்பு மடிப்பா லைட்ட அடிச்சிப் பாத்துட்டுத்தான் அவனப் போட்டேன். ஒண்ணுமே மின்னல.

– தோலு உரிச்ச புதுசுல தேளு மின்னாது, கலை.