முதல் மழைத் தண்ணி

– லேபம்மா, இங்க வாங்க… கிருமி வளர்க்கிற பெட்டி! இன்னும் இங்கதான் கெடக்கு.

– எங்க போகும் பாட்டில்காரரே? நாளைக்குக் கட்டடத்தை இடிக்கும்போது அதுவும் சேர்ந்து போயிடும். தொடாதீங்க, துரு.

– முப்பத்தஞ்சு வருஷம் தெருத்தெருவாக் குழாய்த் தண்ணி புடிச்சு, சோதனைக்கு உங்ககிட்ட கொடுத்த கை இது. துருவுக்கா பயப்படும்?

– பேச்சுக்கு மட்டும் குறைச்சலே இல்ல.

– பனிக்காலத்துல இது மேல கையை வெச்சுக்கிட்டு நிப்பேனே…

– கிருமிக்குப் போட்ட சூட்டுல குளிர் காஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தான்!

– கோடையில இதுல வெக்கவே வேண்டாம்னு சிரிப்பீங்க.

– பின்ன? ரூமே வேகும். தண்ணி ஊத்தின தட்டை மேஜையில விட்டாலே விடியறதுக்குள்ள கிருமி பூத்துக் கெடக்கும்.

– அந்தச் சுவத்துலதான காலண்டர்? சிவப்புப் பென்சில்ல வட்டம் போடுவீங்க.

– வெயிலுக்கு வயித்துப்போக்கு, மழைக்கு டைஃபாய்டு, பனிக்குத் தொண்டைப்புண்ணு. நாள் முன்ன பின்ன ஆகும், வராம இருக்காது. இப்ப மழையே நெனச்ச மாசத்துல கொட்டுது. வட்டத்தை எங்க போடறது?

– முதல் மழைன்னா ஊரே குதிக்கும். நமக்கு மட்டும் பக்குனு இருக்கும்.

– வெயில்ல வெடிச்ச குழாய்க்குள்ள சாக்கடை எறங்குமே… என்ன, திடீர்னு மூஞ்சி தொங்குது?

– லேபம்மா, இங்க வெச்சே சொல்லிடறேன். நாளைக்கு இந்த இடமே இருக்காது. நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம்… முதல் மழை…

– ம்…

– ஆறு தெரு, ஆறு பாட்டில். நான் ஒரு தெருவுக்கும் போகல. பேய்மழை, சோம்பேறித்தனம்… நம்ம வாசக் குழாயிலயே ஆறையும் ரொப்பி, தெருப் பேரை ஒட்டிட்டேன்.

– ம்…

– பதினஞ்சு நாள் கழிச்சு நீங்க டைஃபாய்டுல படுத்தீங்க. ஆஸ்பத்திரிக்கு வந்தேன். பாதி முடி கொட்டிப் போயிருந்துச்சு. நான் ஒழுங்காப் புடிச்சிருந்தா குழாயை மூடியிருப்பாங்க, நீங்க…

– மூடினாங்களே. நாலாம் தெருவுல. மூணே நாள்ல.

– அது… யாரோ புகார் கொடுத்தாங்கன்னு…

– முதல் மழைத் தண்ணியில ஆறு தட்டும் ஒரு கிருமி இல்லாம தொடைச்சு வெச்ச மாதிரி இருந்தா, நான் நம்பிடுவேனா? என்னை என்னன்னு நெனச்சீங்க?

– அப்ப… அன்னிக்கே தெரியுமா?

– தெரியும்.

– இத்தனை வருஷமா ஒரு வார்த்தை…

– நீங்க வேலைக்குச் சேர்ந்து மூணு மாசம்தான். சொன்னா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க.

– ஆனா உங்களுக்குக் காய்ச்சல்? உங்க வீட்டுக்கும் அந்தக் குழாய்தானே?

– எங்களுக்கு வேற தொட்டி.

– பின்ன எப்படி?

– உங்களுக்குத் தெரியாம நானே மறுபடி தண்ணி புடிக்க ஆறு தெருவுக்கும் போனேன். நாலாம் தெருவுல ஒரு அம்மா, “நனைஞ்சுட்டியேம்மா, இந்தா”ன்னு டம்ளர்ல தண்ணி நீட்டினாங்க. கூடவே, “அந்தத் தம்பி ஏன் இந்தத் தடவை வரல?”ன்னு கேட்டாங்க… வாயில தண்ணி இருந்தா பதில் சொல்ல வேண்டாம்ல? குடிச்சிட்டேன்.