வேடியப்பன் ஒயின்ஸின் பதினைந்து நாட்கள்

– உளிய வெளிய எடுக்கறதுக்கு முன்னால இன்னொரு தரம் யோசிச்சிக்கோங்க மொதலாளி. ஒரு தரம் கைய வெச்சிட்டா, அப்பறம் இது ஆதிமூலம் செஞ்ச கடைன்னு நானே வெளிய சொல்ல மாட்டேன்.

– யோசிச்சிட்டுதான் ஆசாரி உன்ன பின்பக்கமா வரச்சொன்னேன். முன்பக்கம் நீ உளிப்பையோட வந்தா அந்த சேதி அஞ்சி நிமிசத்துல பஸ்டாண்டுக்கு போயிடும். வேடியப்பன் சொன்னா சொன்னதுதான். இன்னிக்கு இந்தக் கடைய கொஞ்சம் அசிங்கம் பண்ணு.

– அசிங்கமா?

– அசிங்கந்தான். நீ அழகா செஞ்சிட்ட. அதான் வெனை.

– இருவது வருசமா பட்டறை வெச்சிருக்கேங்க. கதவு பிடிக்குதுன்னு கூப்ட்டவங்க உண்டு, கால் ஆடுதுன்னு கூப்ட்டவங்க உண்டு. அழகா இருக்குதுன்னு கொறை சொல்ல கூப்ட்ட மொத ஆளு நீங்கதான்.

– தோ பாரு, நான் கொறை சொல்லல. நீ செஞ்சத பாத்தா எனக்கே நெஞ்சு நெறையுது. காலைல உள்ள வந்து லைட்ட போட்டன்னா, அந்த தேக்கு அலமாரி அப்பிடியே எந்திரிச்சி நிக்குது. அஞ்சி தட்டு. தட்டுங்களுக்கு பின்னால கண்ணாடி. ஒரு பாட்டில் ரெண்டா தெரியுது. இந்த மேஜை ஓரத்துல கைய வெச்சா கன்னுக்குட்டி முதுகுல வெச்ச மாதிரி கீது. நெதம் ரெண்டு தரமாவது தடவி பாத்துடறேன், தெரியுமா?

– அந்த ஓரத்துக்கு மட்டும் நாலு நாளு உப்புத்தாள் போட்டேங்க. மனுசன் சாஞ்சி நிக்கிற எடம். முழங்கை நோவக்கூடாது இல்லீங்களா?

– அதான் சொல்றேன். யாருக்கு வருது அந்த நெனப்பு? பஸ்டாண்டாண்ட எம்மச்சான் சக்கரபாணி வெச்சிகிறான் பாரு, அதுக்கு பேரும் ஒயின் ஷாப்பு. கம்பிவலை அடிச்சி நடுவுல ஒரு ஓட்டை. துட்ட உள்ள நீட்டணும், பாட்டில் வெளிய வரும். எலிப்பொறி மாதிரி. ஆனா அங்க கும்பல் நெரியுது. நான் இங்க ஈ ஓட்டிக்கினு கீறேன்.

– நிசமாவே ஒருத்தரும் வரலீங்களா?

– வராங்க. அதான் பேஜாரு. வரவன் செருப்ப வெளிய வுட்டுட்டு வெறுங்காலோட வந்து நிக்கிறான்.

– பிராந்தி கடைக்கா?

– பிராந்தி கடைக்குதான். நம்ம ராஜேந்திரன் வாத்தியார் வந்தாரு. தூக்கிக் கட்டியிருந்த வேட்டிய எறக்கி வுட்டுட்டு வராரு. அலமாரிய கீழ இருந்து மேல வரைக்கும் பாத்தாரு. ரெண்டு கையும் தானா மேல வந்துச்சி. பாதி வழியில ஞாபகம் வந்து தலைய சொறிஞ்சிக்கினாரு. "ஒரு கோலி சோடா குடுப்பா"ன்னாரு. குடிச்சாரு, போயிட்டாரு.

– அவரா? குவாட்டர் இல்லாம தூக்கம் வராதுன்னு சொல்லுவாங்களே.

– அவருதான். பதினஞ்சி நாள்ல சோடா மட்டும் ஜாஸ்தி வித்துகீது. சரக்குன்னு நான் வித்தது ரெண்டே ரெண்டு பீரு. அதுவும் வெளியூர் லாரி டிரைவரு, அவசரத்துல வந்தவன்.

– நான் ஒண்ணு சொல்லட்டுங்களா? அந்த மறைப்பு பலகைய மட்டும் வேணா எடுத்துடலாம்.

– எது, வாசலுக்கும் மேஜைக்கும் நடுவுல வெச்சியே அதா?

– ஆமாங்க. ஆனா அத நான் சும்மா வெக்கல. வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னால ஏழு சாயங்காலம் உங்க வாசல்ல உக்காந்து பாத்தேன். இங்க நின்னா நேரா மலை தெரியுது, நாம சாமியா கும்புடற மலை. நம்மூர் ஆளு எவ்ளோ பெரிய குடிகாரனா இருந்தாலும் மலைய பாத்துக்கினு கிளாஸ தூக்க மாட்டான். கை எறங்கிடும். அதான் மலை தெரியாத மாதிரி ஏழு அடிக்கு மறைப்பு வெச்சேன்.

– பாத்தியா, இது யாருக்கு தோணும்? எனக்கு தோணல. அத எடுக்க வேணாம். நான் பின்பக்கமா வந்து பின்பக்கமாவே போறவன், இங்க உக்காந்தா ரோடு, படி ஒண்ணும் தெரியாது, சுத்திக்கினு உள்ள வந்தாதான் ஆளு தெரியும், அது ஒரு கஷ்டம். இருந்தாலும் அது இருக்கட்டும்.

– அப்ப வெள்ளக்காரர் படத்த பாத்து செஞ்ச தட்ட எடுத்துடலாமா?

– அத நெனச்சா எனக்கு சிரிப்பு வருது ஆசாரி.

– சிரிங்க. செங்கம் ரோட்டுல ரூம் எடுத்து தங்கியிருந்தாரே, அவருக்கு புஸ்தகம் வெக்க அலமாரி செஞ்சி குடுத்தேன். நான் இப்பிடி ஒரு ஒயின் ஷாப்பு செய்யப் போறேன்னு கையால காட்டி சொன்னேன். அவங்க ஊரு கடை படம் ஒண்ணு கிழிச்சி குடுத்தாரு. அதுல எல்லா பாட்டிலும் படுத்துக்கினு இருந்துது. பாக்க அவ்ளோ நல்லா இருந்துதுங்க.

– அவன் ஊரு சரக்குக்கு தக்கை. நம்மூரு பிராந்திக்கு தகர மூடி. படுக்க வெச்ச ராத்திரியே எல்லாம் ஒழுவிடிச்சி. மறுநா விடியகாலைல எம்பொண்டாட்டி பாஞ்சாலை வந்து ரெண்டு கொடம் தண்ணி ஊத்தி கழுவுனா. ஆனா ஒரு வார்த்த திட்டல உன்ன. "தட்டு எவ்ளோ வழவழன்னு கீது பாருய்யா"ன்னாள்.

– அந்தம்மா நல்ல மனசு. நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்களாவது இங்க ஒரு கிளாஸ் ஊத்திக்கினீங்களா?

– நானா? இங்க எப்பிடிய்யா தனியா ஊத்திக்கினு உக்கார்றது, கண்ணாடியில என் மூஞ்சி எனக்கே தெரியுது. சக்கரபாணி கடையில போய் நிக்க ரோசம் வுடல. ஆறு மணிக்கு பூட்டிட்டு வூட்டுக்கு போறேன், வேற இன்னா பண்றது?

– அப்ப ஏங்க இவ்ளோ ஆசையா கட்டச் சொன்னீங்க? நீங்களும் கம்பிவலையே அடிச்சிருக்கலாமே.

– எங்கப்பன தெரியுமா உனக்கு?

– கேள்விப்பட்டிருக்கேன். கீழ்பென்னாத்தூர்ல வேர்க்கடலை மண்டி வெச்சி மல்லாட்ட வியாபாரம் பண்ணாரு.

– மகாராஜன். ஊருக்கே மல்லாட்ட எடை போட்டவரு, ஒரு படி ஏமாத்துனவரு இல்ல. குடிப்பாரு. எழுபத்திநாலுல கடையெல்லாம் மூடுனாங்க இல்ல, அப்பறம் ஏரிக்கரை புதருக்குள்ள போய் குடிச்சாரு. ஒரு நாளு போலீசு புடிச்சாங்க. குடிச்சிக்கினு இருந்த கொடத்த அவரு தலை மேலயே ஏத்தி, சந்தைத் தெரு முழுக்க நடக்க வெச்சாங்க. நான் வெத்தலை வாங்க போயிருந்தேன். என்ன பாத்துட்டாரு. நான் கும்பலுக்கு பின்னால போயிட்டேன். அதுக்கப்பறம் அவரு என் மூஞ்சிய பாத்து பேசவே இல்ல. அடுத்த வருசம் போயிட்டாரு.

– அதுக்காகவா இந்தக் கடை?

– எண்பத்தொண்ணுல மறுபடி தொறக்கறாங்கன்னு கேட்டப்ப, லைசென்ஸ் எடுத்தா மானமா ஒரு எடம் வெக்கணும்னு நெனச்சேன். வர்றவன் நிமிந்து வரணும், நிமிந்து போவணும். எவனும் பொந்துக்குள்ள கைய வுட கூடாது. நீ அத செஞ்சி குடுத்துட்ட. நெசமா செஞ்சி குடுத்துட்ட ஆசாரி. ஆனா இந்த மாசம் முழுக்க இப்பிடியே போச்சின்னா லைசென்ஸ சக்கரபாணி கையில குடுத்துட்டு மறுபடி மல்லாட்ட மண்டிக்குதான் போவணும். அவன் வந்து இந்த அலமாரிய வெறகுக்கு போட்டுட்டு கம்பிவலை அடிப்பான். அதுக்கு நீயே கொஞ்சமா கெடுத்துடு.

– கண்ணாடிய கழட்டட்டுங்களா?

– கழட்டு. இரு, மேல் தட்டு வேணாம். அதுல லைட்டு பட்டா நல்லா கீது.

– நடு தட்டு?

– நடு தட்டு... அத வுட்டுடு. கீழ இருந்து ஆரம்பி.

– கீழ்த்தட்டுல கண்ணாடியே இல்லீங்க.

– அப்ப இந்த மேஜை ஓரத்துல நாலு வெட்டு வெட்டு. பழசாட்டம் தெரியட்டும்.

– அது மட்டும் என் கையால ஆவாதுங்க. வேணும்னா உளிய குடுக்கறேன், நீங்க வெட்டுங்க.

– குடு.

– இந்தாங்க. ஏன் நிக்கறீங்க?

– கை வரலய்யா.

– இன்னாய்யா இது? சோறு கொண்டாந்தா நீ உளிய புடிச்சிக்கினு நிக்கிற. ஆசாரி கண்ண தொடச்சிக்கினு நிக்கிறாரு.

– வா பாஞ்சாலை. ஒண்ணும் இல்ல. கடை ஓட மாட்டேங்குது, அழகு ஜாஸ்தியா போச்சி. கொஞ்சம் கம்மி பண்ணலாம்னு பாக்கறோம்.

– அழகால ஒண்ணும் ஆவல. ஆசாரி, நீ அந்த உளிய வாங்கி பையில போடு. உன் வேலையில ஒரு கொறையும் இல்ல.

– அப்ப யாரு மேலம்மா கொறை?

– சொல்றேன். இந்தாளு கோவப்படாம கேக்கட்டும். கடை தொறந்த அன்னிக்கு காலைல கோலம் போட வந்தேன். உள்ள எட்டிப் பாத்தேன். இவ்ளோ நல்லா செஞ்ச எடத்துல செருப்போட ஏற மனசு வரல, கழட்டி படியில வுட்டுட்டு ஏறுனேன். நான் உள்ள தட்ட தொடச்சிக்கினு கீறேன், வெளிய ரெண்டு பேரு பேசறானுங்க. "டேய், பொம்பள செருப்பு கீதுடா, உள்ள யாரோ பொம்பளைங்க கீறாங்க"ன்னு சொல்லிட்டு அப்பிடியே போயிட்டானுங்க.

– அதுக்கு?

– அன்னிக்கு நீ ஆறு மணிக்கு வூட்டுக்கு வந்த. கல்யாணம் ஆயி பதினாறு வருசத்துல விளக்கு வெக்கற நேரத்துல நீ நெதானமா நடந்து வந்து நான் பாத்ததில்ல. பெரியவன் உன் பக்கத்துல உக்காந்து சாப்ட்டான். சின்னது உன் மடியில தூங்குச்சி. பெரியவன் பயப்படவே இல்ல உன்ன பாத்து.

– பாஞ்சாலை, நீ இன்னா பண்ண?

– மறுநாள்ல இருந்து தெனமும் கோலம் போட்டுட்டு, அந்த செருப்ப படியிலயே வுட்டுட்டு, வெறுங்காலோட வூட்டுக்கு போறேன். இப்பவும் அங்கதான் கீது, போய் எடுத்துக்கட்டுமா வேணாமான்னு நீயே சொல்லுய்யா.