பதினேழைப் பதினெட்டாக்கினேன்

...இல்லண்ணே, நீங்களே சொல்லுங்க, ஆணுன்னா ஆணுக்குன்னு ஒரு அடையாளம் வேணாமா? ஒய் குரோமோசோம்னு ஒண்ணு. ஆட்டுக்கு இருக்கு, மாட்டுக்கு இருக்கு, என் வீட்ல சோபாவுல படுத்துக்கிட்டே ரிமோட்டைத் தேடுதே ஒரு ஜீவன், அதுக்குக்கூட இருக்கு. இந்த வளை எலிக்கு மட்டும் கெடையாதாம்! மண்ணுக்குள்ளயே தோண்டிக்கிட்டுக் கெடந்து, தலைமுறை தலைமுறையா எங்கயோ தொலைச்சிருச்சு. ஆணுக்கும் ஒத்தை எக்ஸ், பொண்ணுக்கும் ஒத்தை எக்ஸ். இதோட பங்காளி வகை ஒண்ணு இருக்கு, அதுல ரெண்டு பேருக்குமே ரெண்டு எக்ஸ். என்ன குடும்பமோ!

உக்காருங்கண்ணே, கூண்டை அப்புறம் கழுவலாம். கேட்ல நின்னவரு இந்த எலிக்கூடத்துக்கு வந்து ஒரு வாரந்தான ஆகுது? எதுக்கு உங்களை இங்க மாத்தினாங்கன்னு தெரிய வேணாமா?

நான் இருபத்திரெண்டு வருஷமா குரோமோசோம் எண்ணுறவ. ஆமா, சம்பளமே எண்ணுறதுக்குத்தான். கண்ணாடித்தகட்டுல சொட்டு விட்டு, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்புல ஒண்ணு ரெண்டு மூணுன்னு... கழுத்து போச்சு, கண்ணு போச்சு, வாய் மட்டும் போகல. சரி, அது கெடக்கட்டும். இந்த எலிங்க பதினொண்ணு வந்துச்சா, எண்ணினேன். பதினேழு. அடுத்ததுக்கும் பதினேழு. எல்லாத்துக்கும் பதினேழு! ஜோடி ஜோடியா இருக்கவேண்டிய சாமான் எப்படிண்ணே ஒத்தைப்படையில வரும்? என் கை நடுக்கத்துல ஒண்ணு தவறி விழுந்திருக்கும்னு நெனச்சு, அழகா பதினெட்டுன்னு எழுதிட்டேன். பதினோரு தடவையும் அதே ஒண்ணு எப்படி விழும்னு யோசிக்கணும்ல? யோசிக்கல. அனுபவசாலி பாருங்க!

அதோட விட்டேனா? ஒய் இருக்கான்னு சோதனை வேற செஞ்சேன். எதுலயும் இல்ல. அதே சோதனையை ஆண் வெள்ளை எலியில வச்சுப் பாத்தா பளிச்சுன்னு காட்டுது. சரி, பதினொண்ணும் பொண்ணுதான்னு சீட்டு ஒட்டி, எல்லாத்தையும் ஒரே கூண்டுல போடச் சொன்னேன்.

கூண்டுக்காரர் வந்தாரு. உங்களுக்கு முன்ன இங்க இருந்தவரு. "அம்மா, இதுல நாலு ஆண் இருக்கும்மா"ன்னாரு. மெதுவாத்தான் சொன்னாரு. நான் சும்மா இருந்தேனா? "மெஷின் சொல்றதை நம்பவா, நீங்க சொல்றதை நம்பவா?"ன்னு நாலு பேரு முன்னால கேட்டேன். மனுஷன் சீட்டைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, போயிட்டாரு.

அடுத்த மாசம் கூண்டுல நாலு குட்டி!

அப்பவாவது புத்தி வந்துச்சாங்கிறீங்களா? வரும், வரும். டைரக்டருக்கு எழுதினேன். கூண்டுக்காரர் வெளியிலேர்ந்து ஆணைக் கொண்டாந்து கலந்துட்டாருன்னு. ரெண்டு பக்கம்! எனக்கு எழுத்து நல்லா வரும். அவரைக் கேட்டுக்கு மாத்தினாங்க, உங்களை இங்க மாத்தினாங்க. தெனம் காலையில என் வண்டிக்குக் கேட்டைத் தொறந்துவிட்டு, "குட்டிங்க நல்லாருக்காம்மா?"ன்னு கேக்குறாரு. திட்டினாக்கூடத் தாங்கிப்பேண்ணே.

நேத்து வெளியூர்லேர்ந்து ஒரு ஆராய்ச்சிக்காரம்மா வந்துச்சு. என் நோட்டைப் பாத்துட்டு, "பதினெட்டா? எக்ஸுக்கு ஜோடியே கெடையாதே, இந்த எலிக்குப் பதினேழுதானே?"ன்னுச்சு. ஒய்யே இல்லாத எலியில ஒய்யைத் தேடினீங்களான்னு சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். பாத்ரூம்ல போயி அழுதேன்.

இந்தா பாருங்க, டைரக்டருக்கு இன்னொரு கடுதாசி. தப்பு என்னோடதுதான்னு நாலு வரி. மூணு மணிநேரமா கையிலயே வச்சிருக்கேன், குடுக்காம உங்ககிட்ட பேசிட்டிருக்கேன். இதைக் குடுத்தா உங்களைத் திரும்பக் கேட்டுக்கு, அந்த வெயிலுக்கே அனுப்பிருவாங்களேன்னு ஒரு சாக்கு. உள்ளதைச் சொல்லணும்னா, பயம். எனக்குத்தாண்ணே பயம்.

அண்ணே? எங்க எழுந்திரிச்சிட்டீங்க? அண்ணே, கடுதாசியை ஏன் எடுக்குறீ... அடடா, இருங்க! டைரக்டர் ரூமு அந்தப் பக்கம், நீங்க எங்க கேட்டுப் பக்கம் போறீங்க?

ஐயோ, கூண்டுக்காரருகிட்டயே குடுக்குறாரே... படிக்கிறாரே... ரெண்டு பேரும் வர்றாங்களே. நான் இன்னும் என்ன சொல்றதுன்னு...

வாங்க கூண்டுக்காரரே. இல்ல, நீங்க உக்காருங்க, நான் நிக்கிறேன். படிச்சிட்டீங்கல்ல? அதுல ஒண்ணு எழுதாம விட்டுட்டேன். அன்னிக்கு நாலு பேரு முன்னால அப்படிக் கேட்டது தப்பு. அந்த நாலு பேரையும் கூப்பிடுறேன், கொஞ்சம் இருங்க.